வடக்கு பார்த்த வாசலுக்கு வெயில் வந்துவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஏழாம் மாடியில் 1986 முதல் குடியிருக்கிறேன். மருத்துவமனையில் தாதியர் உதவியாளராக முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினமும் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பேனே தவிர, இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. போன வாரம் என் பேரனின் தமிழ்ப் பயிற்சித்தாளைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவன் தொடக்கநிலை 4 படிக்கிறான். வசந்த காலம் பற்றி ஐந்து வரி எழுத வேண்டும். அவன் எழுதியிருந்தது இது: "வசந்த காலத்தில் பனி உருகும். மரங்களில் புதிய இலைகள் வரும். சகுரா பூக்கள் பூக்கும். மக்கள் தடித்த உடைகளைப் போடமாட்டார்கள். சிங்கப்பூரில் வசந்த காலம் இல்லை." எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கையெழுத்தும் அழகாக இருந்தது. அவனைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவன் படித்ததையும் பார்த்ததையும் எழுதியிருக்கிறான்.

ஆனால் அவன் உட்கார்ந்து எழுதிய மேசைக்கும் என் குண்டுமல்லித் தொட்டிக்கும் நடுவே ஒரு சன்னல்தான் இருக்கிறது. அன்றைக்குத் தொட்டியில் முப்பத்தெட்டு மொட்டுகள். காலையில்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் அடுக்குமாடிப் புளோக் கிழக்கு மேற்காக நீண்டது. பொது நடைபாதை வடக்கு பார்த்தது. வேலை பார்த்த காலத்தில் இரவுப் பணி முடித்து வீடு வந்து சேரக் காலை எட்டு மணி ஆகிவிடும். உடனே தூக்கம் வராது. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, காப்பி குடித்தபடி நடைபாதையில் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஒன்றைக் கவனித்தேன். மார்கழி, தை, மாசி மாதங்களில் வெயில் எங்கள் நடைபாதைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எல்லா வெயிலும் சமையலறைப் பக்கம், தெற்கே. பங்குனி பிறந்து பத்து நாள் ஆனதும், காலை வேளையில் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழும். அவ்வளவுதான். ஒரு வாரம் போனால் அது ஒரு சாண் ஆகும். சித்திரையில் தொட்டிகளின் விளிம்பைத் தொடும். வைகாசியில் செடிகளின் அடிவரை இறங்கும். ஆனி மாதத்தில் வாசற்படிவரை வந்துவிடும். அப்புறம் வந்த வழியே மெல்லத் திரும்பி, புரட்டாசி முதல் வாரத்தில் போய்விடும்.

காரணம் எளிமையானது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல் வடக்கே இருக்கிறது. மார்ச் 20, 21 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வரும். மூன்று நான்கு நாளில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அதற்குப் பிறகு செப்டம்பர்வரை நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகும். தை முதல் தேதி பொங்கல் வைத்துக் கும்பிடும்போது, சூரியன் வடக்கே திரும்பிவிட்டது, உத்தராயணம் பிறந்துவிட்டது என்று என் அம்மா சொல்வார். அம்மா ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே அது ஒரு சொல்லாகத்தான் எனக்கு இருந்தது. இங்கே ஏழாம் மாடியில் அது கண்ணால் பார்க்கிற விஷயமாகிவிட்டது. தை மாதம் புறப்பட்ட வெயில் பங்குனியில் என் வாசலுக்கு வந்து சேர்கிறது. அது வந்த அன்று நான் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது பின்பக்கத்தில் "வெயில் வந்தது" என்று எழுதி வைப்பேன். பல ஆண்டுத் தாள்கள் ஒரு மைலோ டின் நிறைய இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களில் தெற்கு பார்த்த நடைபாதை உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழாகும். பிடோக்கில் இருக்கும் என் தோழிக்குப் புரட்டாசியில்தான் வெயில் உள்ளே வருகிறது. அவள் செடி தீபாவளிக்குப் பூத்தால் பூக்கும், சித்திரையில் சும்மா இருக்கும். பல வருடம் அவள் உரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். செடியில் குறை இல்லை, வெயில் வரவில்லை, அவ்வளவுதான் என்று நான் சொன்ன பிறகு விட்டுவிட்டாள். கிழக்கு, மேற்கு பார்த்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உண்டு. கொடுத்துவைத்தவர்கள்.

வெயில் மட்டும் போதாது. அதற்கு முன்னால் செடி கொஞ்சம் வாட வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஜனவரியிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, பிப்ரவரியில் ஓயும். காற்று வறண்டு வீசும். கீழே புல்தரை பழுப்பாகும். மேம்பாலங்களின் ஓரத்தில் இருக்கும் காகிதப்பூ மட்டும் அந்தக் காய்ச்சலில்தான் இலை தெரியாமல் பூக்கும். மார்ச் கடைசியில் காற்று நின்று, பிற்பகலில் இடியோடு மழை தொடங்கும். மே மாதம்வரை இந்த இடிமழைதான். காய்ந்து கிடந்த மரங்களுக்கு இந்த மழை ஓர் அழைப்பு மாதிரி. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் பெரியவர்கள் ஆண்டை ஆறாகப் பிரித்தபோது சொன்னார்களே, அந்த இரண்டு மாதமும் இந்த ஊரில் பூக்கிற காலத்தோடு ஒட்டித்தான் வருகின்றன.

2014-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை இருபத்தேழு நாள்கள் தொடர்ந்து வறட்சி. வானிலைப் பதிவுகளில் அதுவரை அவ்வளவு நீண்ட வறட்சி இருந்ததில்லை என்றார்கள். அந்தச் சமயத்தில் இரவுப் பணிக்குப் போகும்போது சாலையோர மரங்களைப் பார்த்தால் மனத்துக்குக் கஷ்டமாக இருக்கும். அப்புறம் மழை வந்தது. அந்த ஆண்டு பங்குனி, சித்திரையில் மரங்கள் பூத்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பேருந்தின் மேல்தளத்தில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ரோஜா நிறம், வெள்ளை, மஞ்சள். என் சக ஊழியர்கள் வேலைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியை எடுத்து ஒருவருக்கொருவர் படம் காட்டிக்கொண்டார்கள்.

அந்த ரோஜா நிற மரத்தைத்தான் எல்லாரும் சிங்கப்பூரின் சகுரா என்கிறார்கள். எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் மூன்று நிற்கின்றன. பூக்கும் நாளில் இலைகள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும், கிளை முழுதும் ஊதுகுழல் வடிவப் பூதான். சில நாளில் அத்தனையும் கொட்டிவிடும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது, சகுரா என்ற ஜப்பானியச் செர்ரி மரத்துக்கு உறவுகூட இல்லை. பேரன் "பாட்டி, சகுரா!" என்று கையைப் பிடித்து இழுத்தபோது, அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் சொல்ல எனக்கு வரவில்லை. அன்று ராத்திரி கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். உடனே பதில் வந்தது: "அத்தை, இது எங்க தெருவுலயே இருக்கு. வசந்தராணின்னு சொல்வோம்."

வசந்தராணி! நாம் எந்தப் பருவம் இங்கே இல்லை என்று எழுதுகிறோமோ, அந்தப் பருவத்தின் பெயரையே சுமந்துகொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நிற்கிறது. மறுநாள் பேரனிடம் சொன்னேன். அவன் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கரையோரப் பூந்தோட்டத்தில் ஃபிளவர் டோம் என்ற குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்கும் அவனை அழைத்துப் போயிருக்கிறேன். சகுரா காட்சி நடந்த நேரம். உள்ளே 23 முதல் 25 டிகிரி வைத்திருக்கிறார்கள், சால்வை இல்லாமல் எனக்குக் குளிர்ந்தது. பூக்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. அவ்வளவு தூரத்துச் செடிகளை இங்கே உயிரோடு வைத்திருக்கிற தோட்டக்காரர்களின் உழைப்பு சாதாரணமில்லை. அதைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வெளியே வந்து பேருந்தில் ஏறியதும் சன்னலுக்கு வெளியே இருப்பதையும் காட்டுங்கள் என்றுதான் பெற்றோரைக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் காட்டலாம். எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளைகளில் புறா ஆர்க்கிட் தானாக ஒட்டி வளர்ந்திருக்கிறது. யாரும் நட்டதில்லை. மற்ற நாள்களில் ஏதோ காய்ந்த குச்சிக் கொத்து மாதிரித்தான் இருக்கும். நல்ல வெக்கைக்குப் பிறகு பெருமழை பெய்து, காற்று சட்டென்று ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால், அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அது பூக்கும். ஒரு மரத்தில் மட்டுமில்லை, அந்த வட்டாரத்தில் இருக்கிற அத்தனை புறா ஆர்க்கிட்டும் ஒரே நாளில், சின்னச் சின்ன வெள்ளைப் பூவாக, பறக்கிற புறாக்களைப் போல. காலையில் மின்தூக்கியை விட்டு வெளியே வந்தாலே வாசனை தெரியும். மாலைக்குள் வாடிவிடும். இதை முதன்முதலில் என்னோடு வேலை பார்த்த மலாய் சகோதரி ஒருவர் சொன்னார். நம்பாமல் நாட்காட்டியில் குறித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை மழை, அடுத்த வார வியாழக்கிழமை பூ. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், கணக்குத் தப்பியதில்லை.

வைகாசியில் தெம்புசு பூக்கும். அது சாயங்காலத்து வாசனை. ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, பூமலையில் நிற்கும் அந்தப் பழைய மரம், அதுவும் தெம்புசுதான். தாவரவியல் தோட்டத்தைப் பூமலை என்று சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்தப் பெயரும் அச்சில் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வீட்டுத் தோட்டத்துக்கு வருகிறேன். தோட்டம் என்று நான் சொல்வது நான்கடி நீள இரும்பு அடுக்கு ஒன்றும், அதில் இருக்கும் பதினொரு தொட்டிகளும்தான். குண்டுமல்லி மூன்று, சங்குப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி, கறிவேப்பிலை, பண்டான், மற்றவை கீரை. இடம் சின்னது என்று யாரும் தயங்க வேண்டாம். நம் நாட்டு மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம் இருக்கிறதே, அது அக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மையாரின் வீட்டுத் தோட்டத்திலிருந்து 1893-ல் உலகத்துக்குத் தெரிய வந்தது. 1981-ல் அது நாட்டு மலரானது. ஒரு பெண் தன் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு வகைச் செடிகளைக் கலந்து வளர்த்ததால் கிடைத்த பூ அது.

மல்லிகை வளர்ப்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். மாசி மாதம், காற்று காய்ந்து வீசும்போது, கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். பழைய இலைகளை உருவிவிட வேண்டும். பார்க்கப் பாவமாக இருக்கும், மொட்டைக் குச்சியாக நிற்கும். தண்ணீரைக் குறைத்து ஒரு வாரம் வாடவிட வேண்டும். அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர், ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர், கிடைத்தால் மாட்டு எலும்புத் தூள் ஒரு கரண்டி. வெட்டிய நாளிலிருந்து முப்பது நாற்பது நாளில் துளிரின் நுனியில் மொட்டு வரும். அந்தக் கணக்கு பங்குனி வெயிலோடு சரியாகப் போய்ச் சேரும். மார்கழியில் வெட்டினால் வடக்கு நடைபாதையில் இலைதான் வரும்.

மொட்டுகளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பறிப்பேன். வாழைநார் இல்லாததால் வெள்ளை நூலில்தான் கட்டுகிறேன். எட்டு மணிக்குமேல் அவை விரியும்போது வீடே மணக்கும். சாமிக்கு ஒரு சரம், மகளுக்குக் கொஞ்சம். மீதி மொட்டை அப்படியே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவேன். இடப்பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) அதை மெலூர் என்பார், மெலாத்தி என்றும் சொல்வார். அவர் பேத்தியின் கல்யாணத்துக்கு என் மல்லிகையும் என் பண்டானும் சேர்ந்து புங்கா ரம்பாய் ஆனது. பண்டான் இலையை நூல் நூலாக நறுக்கி, பூவோடு கலந்து வைப்பார்கள், வாசனை மூன்று நாள் இருக்கும். சங்குப்பூவையும் அவர்தான் பறித்துக்கொள்வார், சோற்றுக்கு நீல நிறம் கொடுக்க. இரண்டு வீடு தள்ளி இருக்கும் சீன ஆன்ட்டி தேநீரில் நான்கு மொட்டு போடுவார். அவர் சொல்லும் பெயர் மோலி. நம் மல்லியைக் காது கொடுத்துக் கேட்டால் அதில் கேட்கும். அந்தச் சீனச் சொல் மல்லிகா என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து போனதுதான். மாலதி என்ற இன்னொரு சமஸ்கிருதச் சொல்தான் மெலாத்தி ஆனது. ஒரே நடைபாதையில் மூன்று வீட்டிலும் அந்தப் பூ காதுக்கு நெருக்கமான பெயர்களில் இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

போன ஆண்டு செம்பருத்திக்குப் பக்கத்தில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. மஞ்சள் வயிறு, வளைந்த அலகு. சிலந்தி நூலையும் காய்ந்த நாரையும் வைத்துப் பை மாதிரித் தொங்கவிட்டது. அந்த நாள்களில் நடைபாதையில் இருக்கிற ஆறு வீட்டுக்காரர்களும் மெதுவாக நடந்தோம். விடிவதற்கு முன்னால் குயில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். இரவுப் பணி பார்த்த எனக்குத் தூக்கத்தின் அருமை தெரியும், அவர்களைக் கோபிக்க மாட்டேன். ஆனாலும் இளவேனிலையும் குயிலையும் சேர்த்துச் சேர்த்துப் பாடிய மொழி நம்முடையது. அந்தக் குரலைப் பாடப்புத்தகத்தில் மட்டும் ரசித்துவிட்டு, சன்னலுக்கு வெளியே கேட்டால் காதைப் பொத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நடைபாதையில் செடி வைப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தீ விபத்து நேரத்தில், தூக்குப் படுக்கை போக அந்த அகலம் வேண்டும், மருத்துவமனையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அளவு நாடாவோடு வந்த அதிகாரி என் அடுக்கை அரை அடி நகர்த்தச் சொன்னார். அவர் சொன்னது சரி. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. அப்புறம் கொசு. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கும், ஒரு வாரம் போதும், முட்டை கொசுவாகிவிடும். டெங்கிக் காய்ச்சலில் துடித்தவர்களைக் கவனித்திருக்கிறேன். நான் தட்டே வைப்பதில்லை. மண் இறுகிப் போய் மேலே தண்ணீர் நிற்காமல் வாரம் இரண்டு முறை கிளறிவிடுவேன்.

இப்போது என் வேண்டுகோள். சித்திரை முதல் தேதியிலிருந்து வைகாசி முடியும்வரை, வாரம் ஒரு நாள், ஒரு சிறு கட்டத்தில் நான்கு வரிக்கு இடம் கொடுங்கள். எந்த வட்டாரத்தில், எந்தப் பூ, எந்தத் தேதியில் பூத்தது என்று வாசகர்கள் எழுதி அனுப்பட்டும். படம்கூட வேண்டாம். பெயர் தமிழில் இருக்கட்டும், வசந்தராணி, புங்கம், கொன்றை, பவழமல்லி என்று. தெம்புசுவைத் தெம்புசு என்றே எழுதுங்கள். அது மலாய்க்காரர்கள் வைத்த பெயர், இந்த மண்ணின் பெயர், அதற்குப் புதிதாக ஒன்றைக் கட்டாயமாகச் செய்து ஒட்ட வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் அந்தக் கட்டத்தை வெட்டி வகுப்பில் ஒட்டிவைக்கலாம். அடுத்த ஆண்டு ஒரு பிள்ளை வசந்த காலம் பற்றி எழுத உட்காரும்போது, தான் குடியிருக்கும் பேட்டையின் பெயரும் அதில் பூத்த மரத்தின் பெயரும் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும்.

தேக்கா சந்தையில் வேப்பம்பூவும் மாங்காயும் வந்துவிட்டன, புத்தாண்டுக்கு நாள் இருக்கிறது, அதற்குள் நீங்கள் முடிவெடுத்துவிடலாம். முதல் தகவலை நானே தந்துவிடுகிறேன்.

தோ பாயோ. ஏழாம் மாடி, வடக்கு பார்த்த நடைபாதை. குண்டுமல்லி, மூன்று தொட்டியிலும் சேர்த்து இன்று காலை ஐம்பத்திரண்டு மொட்டு. எண்ணியது பேரன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் வசந்தராணி ஒரு மரம் முழுதும், இரண்டு மரம் பாதி. கீழே தூங்குமூஞ்சி மரத்தில் புறா ஆர்க்கிட் இன்னும் பூக்கவில்லை. நேற்று, செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணிக்குப் பெருமழை பெய்து நன்றாகக் குளிர்ந்தது. அதனால் அடுத்த வாரம் வியாழக்கிழமை பூக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் முன் கீழே போய்ப் பார்த்துவிடப் பேரன் ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி